சில்லறையின் இதயக் கதவு

ஜூன் 9, திங்கள்

சில்லறை இன்று பெரியப்பாவின் செருப்பில் மூத்திரம் போய்விட்டது. இருமலுக்காகக் கொடுக்கும் நீர் மாத்திரையால் அடிக்கடி போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். வீடு முழுவதும் துடைத்தேன். செருப்பைத் துடைப்பதற்குள் பெரியப்பா அதில் காலை விட்டுவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தபோது அவர் தெருமுனைக்குப் போய்விட்டார்.

சில்லறை என்பது நாயின் பெயர். பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "சர்வீஸ் பூரா சில்லற குடுங்க, சில்லற குடுங்கன்னு கத்தினேன். ஒருத்தனும் குடுக்கல. கடைசியில இதான் கெடச்சுது" என்பார். பொமரேனியன் என்று சொல்லித்தான் யாரோ விற்றார்களாம். வளர வளர வால் மட்டும் பொமரேனியனாக நின்றுவிட்டது, மற்றதெல்லாம் அதன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. என் கைப்பைக்குள் அடங்கும். குரைத்தால் தெரு முழுவதும் கேட்கும். நான் அதற்கு நேர் தலைகீழ். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

பெரியம்மா, அக்காவின் பிரசவத்துக்காக மஸ்கட் போயிருக்கிறார். சமைக்கவும் சில்லறையைப் பார்த்துக்கொள்ளவும் என்னைத் திண்டிவனத்திலிருந்து பெரம்பூருக்கு வரவழைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதால் இது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பெரியம்மா போனில் சில்லறை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் மஸ்கட்டுக்குத் தெரியாது என்று பெரியப்பா சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடம் நிறைய நாய்களும் பூனைகளும், ஒரு கிளியும். நர்ஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "சில்லற இருக்கா?" என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பாக்கெட்டைத் தடவிவிட்டு இல்லை என்றார்கள். நான் எழுந்து நின்று இருக்கிறோம் என்று சொன்னேன். எனக்குக் கேட்டது, நர்ஸுக்குக் கேட்கவில்லை. பெரியப்பா வெளியே வண்டி நிறுத்தப் போயிருந்தார். எங்கள் முறையை ஒரு பூனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளியிலும் இப்படித்தான். பெயர் வாசிக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். வருஷக் கடைசியில் பார்த்தால் நான் பாதி நாள் வரவே இல்லை என்று இருந்தது. அப்பா வந்து சத்தம் போட்டார். டீச்சர் எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, எங்கே இப்போது சொல்லு பார்ப்போம் என்றார். அதற்கப்புறம் நான் போகவில்லை. அது பெரிய விஷயம் இல்லை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

டாக்டர் மெஹருன்னிசா படம் வரைந்து காட்டினார்.

"இதயத்துல மேல ஒரு அறை, கீழ ஒரு அறை. நடுவுல ஒரு கதவு. ரத்தம் கீழ வந்ததும் கதவு மூடிக்கணும். இவனுக்கு மூட மாட்டேங்குது. கதவப் பிடிச்சிருக்கிற நூல் அறுந்திருக்கு. அதனால ரத்தம் வந்த வழியே திரும்பிப் போவுது."

பெரியப்பா யோசித்தார். "பின்படிக் கதவு மூடாம வண்டிய எடுக்குற மாதிரி. உள்ள ஏறினவன் மறுபடி ரோட்டுலயே வந்து நிப்பான்."

டாக்டரும் யோசித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"வண்டிய டெப்போல நிறுத்தி கதவ சரி பண்ண முடியாதா?"

"முடியும். இதயத்த கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, அந்த வேலைய ஒரு மெஷின்கிட்ட குடுத்துட்டு, புது நூல் போட்டுத் தைக்கலாம்."

இதயத்தை நிறுத்துவது என்றதும் பெரியப்பா மேற்கொண்டு எதையும் பஸ்ஸோடு ஒப்பிடவில்லை.

இந்த மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருகிறது. இங்குள்ள டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆபரேஷன் என்பதால் நமக்குச் செலவு இல்லை. ஆனால் வேறொரு நாயின் ரத்தம் வேண்டும். பெரிய நாயாக, நோய் இல்லாததாக, ஊசியெல்லாம் போட்டதாக இருக்க வேண்டும். அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

"ஆபரேஷன் வேணாம்னா?" என்று பெரியப்பா கேட்டார்.

"மருந்துல மழைக்காலம் வரைக்கும் ஓட்டலாம் சார். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

சில்லறை டாக்டரின் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் தெருவில் நாய்கள் நிறைய இருக்கின்றன. பெரிய நாய் ஒன்றுதான். எதிர்ச் சாரியில் மெஸ் நடத்தும் ரமணி அக்காவின் லேப்ரடார், சிங்காரம். மிஞ்சின இட்லி எல்லாம் அதற்குத்தான் போகிறது. படுத்திருந்தால் சோபா என்று நினைத்து உட்காரப் போவார்கள்.

ரமணி அக்காவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. மெஸ் வைப்பதற்கு முன்னால் அக்கா சந்தை வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தாராம். பஸ்ஸில்தான் சாம்பார் குண்டானை எடுத்துப் போவாராம். ஒரு நாள் அக்காவின் ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலும் இருந்தபோது பெரியப்பா டபுள் விசில் கொடுத்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. அக்கா விழவில்லை. குண்டான் விழுந்தது.

"கூட்டத்துல எது யாரு காலுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா. பிறகு, "நீ போய்க் கேளு கோகி. நீ கேட்டா யாரும் கோவப்பட மாட்டாங்க" என்றார்.

நான் கேட்டால் யாருக்கும் காது கேட்காது. அதனால்தான் கோபப்பட மாட்டார்கள்.

ஜூன் 14, சனி

காலையில் மெஸ்ஸுக்குப் போனேன். "இன்னா பாப்பா வேணும்?" என்றார் ரமணி அக்கா. இட்லியைக் காட்டினேன். இட்லி வாங்கி வந்தேன்.

மதியம் போனேன். சாம்பார் சாதம் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் போனேன். போண்டா.

பெரியப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "அன்னிக்குக் கொட்டினதும் இதே சாம்பார்னா, அந்தம்மா கோவத்துல நியாயம் இருக்கு" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா, எங்க சில்லறைக்கு ஆபரேஷன், உங்க சிங்காரத்தோட ரத்தம் கொஞ்சம் வேணும். வீட்டு வாசலில் நன்றாக வந்தது. மெஸ் படியில் பாதி வந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது.

"ரத்தம்" என்றேன்.

"இருக்குது" என்றார் அக்கா.

எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் ஆட்டு ரத்தப் பொரியல் போடுவார்களாம்.

பெரியப்பா பொட்டலத்தைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். வெங்காயம் நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

காலையில் பால்காரரைப் பார்த்துக் குரைக்க ஓடிய சில்லறை பாதியில் அப்படியே சாய்ந்துவிட்டது. நாக்கு நீலமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, எதுவும் நடக்காததுபோல வாலை ஆட்டியது. பால்காரர்தான் உட்கார்ந்துவிட்டார்.

நான் சில்லறையைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். செருப்புப் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"நேத்து கேட்டது ஆட்டு ரத்தம் இல்லக்கா" என்றேன். "சிங்காரத்தோடது."

தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை எடுத்துவிட்டார்.

"இன்னா சொல்ற?" என்றார் அக்கா. கரண்டி அவர் கையில் இருந்தது.

எனக்கு மேலே வரவில்லை. அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துச் சில்லறையின் மார்பில் வைத்தேன். அக்கா இழுக்கப் பார்த்தார், பிறகு இழுக்கவில்லை.

"இன்னா பாப்பா, உள்ள மிக்சி ஓடுது?"

"கதவு மூடலக்கா. தைக்கணும். அதுக்கு ரத்தம் வேணும். இல்லன்னா மழைக்காலத்துக்கு மேல இருக்காது."

இவ்வளவையும் நான்தான் சொன்னேன். தோசைக்காரர் சாட்சி.

அக்கா சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரம் தூங்கிக்கொண்டிருந்தது. "தர்றேன். ஆனா உங்க பெரியப்பன் வந்து கேக்கணும். வாயால கேக்கணும். விசில் ஊதிக் கேக்கக் கூடாது."

ஜூன் 17, செவ்வாய்

பெரியப்பா சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போனார். மெஸ் படியில் ஒரு கால் வைத்ததும் அக்கா, "அங்கியே நில்லுங்க" என்றார். ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலும் பெரியப்பா நின்றார். அக்கா ஒரு சாம்பார் குண்டானைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அது நிறைந்திருந்தது.

"எப்படி இருக்குது?"

"கனமா இருக்கும்மா."

"அப்ப நான் ஊதட்டுமா?"

"வேணாம்மா. தப்புத்தான். ரெண்டு காலும் ஏறுச்சான்னு பாத்துட்டு ஊதியிருக்கணும்."

சாப்பிட வந்தவர்கள் எல்லாம் ரோட்டில் நின்றார்கள். யாரும் பெரியப்பாவைத் தாண்டி ஏறவில்லை. அக்கா எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "உள்ள வாங்க. காபி சாப்புடுவீங்களா?" என்றார்.

பெரியப்பா குண்டானோடு உள்ளே போனார்.

ஜூன் 20, வெள்ளி

சிங்காரத்தின் ரத்தமும் சில்லறையின் ரத்தமும் சேருமா என்று பார்க்க இரண்டிலும் கொஞ்சம் எடுத்தார்கள். "பொருத்தம் பாக்குறாங்களா? நட்சத்திரம் தெரியாதே" என்று ரமணி அக்கா கவலைப்பட்டார். பொருந்திவிட்டது. சிங்காரத்துக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை, எடை மட்டும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். "கண்ணு வெக்காதீங்க டாக்டர்" என்றார் அக்கா.

ஜூன் 28, சனி

இன்று ஆபரேஷன். சில்லறையின் மார்பை மழித்திருந்தார்கள். உரித்த கோழி மாதிரி இருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

சிங்காரம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, வேக வைத்த ஈரலைத் தின்றுவிட்டுப் பெரியப்பாவின் காலில் தலை வைத்துப் படுத்தது. அவர் கால் மரத்துப் போனது, நகர்த்தவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வேலையில் இருந்தபோது போட்ட அதே விசில். அவர் சில்லறையிடம் வாயால் எதையும் சொன்னதில்லை. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் ஓட வேண்டும். சில்லறைக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

ரமணி அக்கா எல்லோருக்கும் புளிசாதம் கொண்டுவந்திருந்தார். யாரும் சாப்பிடவில்லை. கிளியோடு வந்தவர் சாப்பிட்டார்.

டாக்டர் மெஹருன்னிசா வெளியே வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. முகமூடியைக் கழற்றிவிட்டு, "கதவு மூடுது சார்" என்றார்.

"டபுள் விசில் குடுத்தாச்சா?" என்றார் பெரியப்பா. பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

"என்ன சார்?"

நான்தான் சொன்னேன். "இதயம் மறுபடி ஓடுதான்னு கேக்குறாரு."

"ஓடுது. தானாவே ஓடுது."

நான் அழவில்லை. அந்த ஆஸ்பத்திரி ஏ.சி. கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ரமணி அக்கா ஏ.சி.யை ஏதோ திட்டினார்.

ஜூலை 5, சனி

சில்லறை வீட்டுக்கு வந்துவிட்டது. இருமல் இல்லை. உள்ளே போட்ட தையல் ஆறும் வரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. ஓடினால் தையல் விட்டுப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கம்பித் தடுப்புக்குள் படுக்க வைத்திருக்கிறோம்.

எங்கள் தெரு வழியாகத்தான் சின்ன பஸ் போகிறது. வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தம். அதன் கண்டக்டர் டபுள் விசில் கொடுத்தால் போதும், சில்லறை எழுந்துவிடும். அதனால் பஸ் வரும் நேரத்திலெல்லாம் தடுப்போடு பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், மாவு அரைக்காவிட்டாலும் கிரைண்டரைப் போட்டுவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. குளித்துவிட்டு வந்தால், சாப்பிட்டு முடித்தால், டி.வி.யில் செய்தி முடிந்தால், பழக்கத்தில் விசிலை வாயில் வைத்துவிடுகிறார். இன்று அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"உன்கிட்ட இருக்கட்டும் கோகி. உன்கிட்ட எது இருந்தாலும் சத்தம் வராது."

கோகிலவாணி என்று பெயர் வைத்த அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ரமணி அக்கா சில்லறைக்கு உப்பில்லாமல் கோழி வேக வைத்துக் கொண்டுவருகிறார். கேட்டால், "எங்க சிங்காரத்து ரத்தம் ஓடுது இல்ல? அப்ப சிங்காரம் தாய்மாமன் மொற. மாமன் வீட்டுலேர்ந்து வராம வேற யாரு வீட்டுலேர்ந்து வரும்?" என்கிறார். சில்லறை தேறியதும் முறைப்படி சீர்த்தட்டோடு வருவாராம்.

"அதுக்குக் காது குத்தணும்னு சொல்லாம இருந்தா சரி" என்றார் பெரியப்பா.

மதியம் அவர் தட்டும் சில்லறையின் தட்டும் மாறிவிட்டது. கோழி மிருதுவாக இருக்கிறது, உப்புதான் கொஞ்சம் முன்னே பின்னே என்றார். நான் சொல்லவில்லை. இதை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ரமணி அக்கா சீர்த்தட்டோடு வந்தார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு புதுத் துண்டு, நாய் பிஸ்கட். பின்னால் சிங்காரம், கழுத்தில் மாலையோடு. மாலையில் பாதியைத் தின்றிருந்தது.

மருமகன் முகத்தை மாமன் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னதால், சில்லறையைப் பின்கட்டிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து தடுப்பைத் திறந்து வைத்திருந்தோம். பெரியப்பா அக்காவிடமிருந்து தட்டை வாங்கினார். இரண்டு பேர் கையிலும் தட்டு. கேட்டைச் சாத்த யாருக்கும் கை இல்லை. பஸ்ஸை யாருமே நினைக்கவில்லை.

நிறுத்தத்தில் டபுள் விசில் கேட்டது.

சில்லறை தடுப்பிலிருந்து எழுந்து, சிங்காரத்தின் வயிற்றுக்கடியில் புகுந்து, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியது. எதிரே பஸ் கிளம்பி வந்தது. பெரியப்பா, "டேய், டேய்" என்று கத்தினார். சில்லறைக்கு அந்த பாஷை தெரியாது.

விசில் என் வாயில் இருந்தது. நான் எப்போது வைத்தேன் என்று தெரியாது. ஊதினேன். ஒரே ஒரு விசில்.

சில்லறை நடுரோட்டில் உட்கார்ந்தது.

பஸ்ஸும் நின்றது. ஓட்டியது ஏசுபாதம் மாமா. பெரியப்பாவோடு நெடுநாள் வண்டி ஓட்டியவர். ஒரு விசில் கேட்டால் அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். பஸ்ஸுக்குப் பின்னால் வந்த ஆட்டோ நின்றது. தண்ணீர் லாரி நின்றது. சைக்கிளில் வந்தவர் ஒரு காலை ஊன்றி நின்றார்.

நான் போய்ச் சில்லறையைத் தூக்கினேன். மார்பில் கை வைத்துப் பார்த்தேன். மிக்சி இல்லை. டக், டக் என்று மட்டும் அடித்தது. என்னுடையதுதான் மிக்சி மாதிரி ஓடியது.

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போலவே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக வந்துவிட்டேன். அப்போதுதான் பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி விசிலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். பஸ்ஸைக் கிளப்ப டபுள் விசில் கொடுக்கப் போகிறார். அந்தச் சத்தம் கேட்டால் சில்லறை என் கையிலிருந்து எகிறிக் கீழே குதித்துவிடும்.

"விசில் அடிக்காதீங்க" என்றேன்.

கண்டக்டரின் கை அப்படியே நின்றது. மெஸ் மாடியில் துணி காயப்போட்டவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது அங்கே வரை போயிருக்கிறது.

ஏசுபாதம் மாமா ஜன்னலில் தலையை நீட்டினார். "விசில் இல்லாம நான் எப்படிம்மா வண்டிய எடுப்பேன்? சர்வீஸுல அப்படி எடுத்ததே இல்ல."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. சில்லறை காதைத் தூக்கியது. நான் அதன் தலையை என் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பஸ் படியைப் பார்த்தேன். ஒரு பாட்டியம்மா ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். இரண்டாவது காலும் ஏறும் வரை காத்திருந்தேன்.

பிறகு சொன்னேன். "போலாம், ரைட்."

பஸ் கிளம்பியது.

"பாப்பா ரெண்டு காலையும் பாத்துச்சு, பாத்தீங்களா" என்று ரமணி அக்கா பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டிலிருந்த வாழைப்பழத்தைச் சிங்காரம் தோலோடு தின்றுகொண்டிருந்தது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரியில் காட்டினோம். தையல் எதுவும் விடவில்லை. கதவு ஒழுங்காக மூடுகிறது. நர்ஸ் "சில்லற இருக்கா?" என்று கேட்டதும் "உள்ளேன்" என்று சொல்லிவிட்டேன். கிளி பயந்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்தது.

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பேசாமல் இரு என்று பெரியப்பா சொல்கிறார். சிரமமாக இருக்கிறது.

சில்லறைக்கு முழுசாக ஆறும் வரை எங்கள் தெருவில் விசில் கூடாது என்று ஏசுபாதம் மாமா கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக வாசலுக்கு நேரே நிறுத்திக்கொண்டு, உள்ளே பார்த்து ஹாரனை லேசாகத் தட்டுகிறார். நான் சொன்னால்தான் வண்டியை எடுக்கிறார்.

பெரியம்மா போனில் கூப்பிடுகிறார். பஸ்ஸும் வந்துவிட்டது. முதலில் பஸ்ஸை அனுப்பிவிட்டு வருகிறேன்.